போதும் என்றவளின் பங்கு

“நான் கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்லு.”

“பதில் சொல்லத்தானே வாயத் திறக்கேன், அதுக்குள்ள நீ…”

“நீ வாயத் திறந்தா தீர்மானம்தான் வருது. பதில் வரல.”

“ராஜக்கனி, இது கமிட்டி ஆபீஸ். இங்க நான் உனக்கு அண்ணன் கிடையாது.”

“வீட்ல மட்டும் அவளுக்குப் புருஷனா இருந்து கிழிச்சியாக்கும்.”

தவசிமணி மேசைமேல் கிடந்த பட்டியலைக் குப்புறத் திருப்பி வைத்தார். திருப்பி வைத்தால் பேர் மறைந்துவிடுமா? அதில் இருந்ததே இரண்டு பேர்தான். முதலாவது ஆவுடையப்பன். இரண்டாவது இசக்கியம்மாள். இந்த இசக்கியம்மாள் செயலாளர் தவசிமணிக்கு முப்பத்தெட்டு வருஷமாகப் பெண்டாட்டி. ராஜக்கனிக்கு மதினி.

“டாக்டர் என்ன சொன்னாரு? அத உன் வாயால சொல்லு.”

“உனக்குத் தெரியாததா.”

“தெரியும். நீ சொல்லிக் கேக்கணும்.”

தவசிமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தொட்டியில இப்ப வளந்து நிக்குதது ஒரே ஒரு சிறுநீரகம். அடுத்தது வளர பத்து வாரம். நாளைக்குக் காலையில ஆபரேஷன்.”

“அது தொட்டியப் பத்தி. நான் ஆளப் பத்திக் கேட்டேன்.”

“ஆவுடையப்பன் ரத்தம் சுத்தம் பண்ணுத மிஷின்ல பத்து வாரம் ஓட்டிருவாரு. சீரழிவாரு, ஆனா ஓட்டிருவாரு. இசக்கிக்கு இருதயம் பலவீனம். மிஷின் தாங்காது.”

“அப்ப பத்து வாரம்?”

“இருக்க மாட்டா.”

“பிறகு எப்படி அவ பேரு கீழ கிடக்கு?”

“படி அப்படித்தான் போட்டிருக்கு.”

படி என்றால் எந்திரம். தூத்துக்குடிக்குத் தெற்கே, கடல் ஏறி வந்துவிட்டது என்று கம்பெனி கைகழுவிப் போன உப்பளங்களைக் கூலிக்காரர்களே எடுத்து நடத்தத் தொடங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பொது அளம் என்று பேர் வைத்து, பொதுவளம் என்று சேர்த்து எழுதினார்கள். பொது வளம் என்றும் படிக்கலாமே என்று யாரோ சொல்ல, அன்றைக்குக் கூட்டமே கைதட்டியது. உப்பு வாரினார்கள். அதே தண்ணீரிலிருந்து பாட்டரிக்கு வேண்டிய லித்தியத்தையும் பிரித்தார்கள். அங்கே யாருக்கும் கூலி கிடையாது. ஆனமட்டும் உழைப்பு, வேண்டியமட்டும் பங்கு. யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று அறியத்தான் அந்த எந்திரம். நாலாயிரம் பேர் கழுத்திலும் புளியங்கொட்டை அளவில் ஒரு மணி. அது நாடியையும் கேட்கும், பேச்சையும் கேட்கும். அரிசியோ மருந்தோ சேலையோ, கேட்ட தேவைக்கு எந்திரம் அளந்து போடும். சாமி படியளக்கும் என்று நம்பிக் கிடந்த சனம், சாமி இல்லை என்று தீர்மானம் போட்ட பிறகு, எந்திரத்துக்குப் படி என்று பேர் வைத்துக்கொண்டது.

“உடம்பக் கேட்டா இசக்கி பேருதான் மேல வருது,” என்றார் தவசிமணி. “வாயக் கேட்டா வரல. உடம்பு ஒண்ணு சொல்லி வாய் வேற சொன்னா, வாய் சொல்லுததுதான் செல்லும். அந்தத் தீர்மானத்தக் கொண்டுவந்தது யாரு?”

ராஜக்கனி குப்புறக் கிடந்த பட்டியலைத் திருப்பி நிமிர்த்தி வைத்தாள்.

“சொல்லேன். யாரு?”

அவள்தான். கம்பெனி காலத்தில் ஒரு டாக்டர் இருந்தான். ராஜக்கனியின் அம்மாவை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ‘நடிக்கிறாள்’ என்று சீட்டெழுதிப் பாத்திக்கே திருப்பி அனுப்பினான். மூன்றாம் நாள் உப்புப் பாத்தியில் குப்புற விழுந்தவளைத் திருப்பிப் போட்டபோது முகமெல்லாம் உப்பு அப்பியிருந்தது. அதனால்தான் பொதுவளத்தின் முதல் கூட்டத்தில் ராஜக்கனி எழுந்து நின்று, ‘இனிமே எவனும் நம்ம உடம்பப் பாத்துட்டு நமக்கு என்ன வேணும்னு சொல்லப்படாது. உழைக்கிறவ சொல்லே முடிவு’ என்றாள். ஒரு கை குறையாமல் நிறைவேறிய தீர்மானம் அது.

“நல்ல தீர்மானம் அது,” தவசிமணியின் குரல் இறங்கியது. “இதே கொள்கைய எத்தனையோ நாட்டுல பண்ணிப் பாத்தாவ. எதனால கவுந்துது? மேல உக்காந்திருந்த ஒருத்தன், உனக்கு இவ்வளவு போதும்னு முடிவு பண்ணான். நாம அந்த நாற்காலியவே தூக்கி எறிஞ்சோம். இன்னைக்கு என் பெண்டாட்டிக்காக நான் அதத் தேடி எடுத்துட்டு வந்து உக்காந்தா…”

“பெண்டாட்டிக்காக உக்காரச் சொல்லல. சாகப்போறவளுக்காக உக்காரச் சொல்லுதேன். ரெண்டும் ஒரே ஆளாப் போயிட்டா அதுக்கு நான் என்ன செய்ய?”

“மூணு மணிக்குப் பொதுக்கூட்டம். நாலு மணிக்குப் பட்டியல் மூடிரும். அதுக்குள்ள அவ வேணும்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். படி தானா மாத்திப் போட்டிரும். நான் குறுக்க நிக்கல.”

“இத அவள்ட்ட சொன்னியா?”

“சொன்னேன். உன் இஷ்டம்னு சொன்னேன்.”

“ரொம்பப் பெரிய மனசு,” என்று சொல்லிவிட்டு ராஜக்கனி படியிறங்கினாள்.

இசக்கியம்மாள் அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நீட்டிய கால் இரண்டும் ஊதிப் பளபளத்தன. ராஜக்கனி வெங்காயத் தட்டைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள்.

“மணியக் கையில பிடி மதினி.”

“எதுக்கு?”

“பிடின்னா பிடி. பிடிச்சுக்கிட்டு, எனக்குச் சிறுநீரகம் வேணும்னு சொல்லு.”

இசக்கியம்மாள் கூச்சத்தோடு சிரித்தாள். கல்யாணப் பெண்ணைப் புருஷன் பேரைச் சொல்லச் சொன்ன மாதிரி.

“சொல்லு. சிரிக்காத.”

“எனக்கு… மிச்சம் கிடந்தா…”

“மிச்சத்த இழுக்காத. வேணும். அவ்வளவுதான்.”

“எனக்கு வேணும்னு இல்ல, கனிதான் கோவப்படுதா, அதனால…”

கழுத்து மணியில் பச்சை வெளிச்சம் ஒரு தரம் சிமிட்டியது. பதிவாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம். ராஜக்கனி தலையில் அடித்துக்கொண்டாள்.

“வேணும்னு இல்லங்கிறதயா மதினி அதுட்டச் சொல்லுவ?”

“என்னைத் திட்டாத. ஆவுடையப்பன் பெண்டாட்டி காலையில வந்திருந்தா.”

“எதுக்கு?”

“நன்றி சொல்ல.”

“நீ என்ன சொன்ன?”

“நல்லாயிருங்கன்னேன். வேற என்ன சொல்லணும், நீயே சொல்லு. அவ ஒரு தூக்குவாளி கொழுக்கட்டை வேற கொண்டுவந்திருந்தா.”

“உன் உயிருக்குக் கொழுக்கட்டையா?”

“நல்ல கொழுக்கட்டை. ஏலம் போட்டிருந்தா.” இசக்கியம்மாள் சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தாள். மூச்சு வாங்கியது. “எனக்குச் சாக ஆசைன்னு நெனைக்காத கனி. ராத்திரி படுத்தா பயமாத்தான் இருக்கு. இந்த வீட்டுக்கு வந்த புதுசுல நீ பக்கத்துல நின்னு இப்படிச் சொல்லிக் குடுத்திருந்தா, அப்பவே படிச்சிருப்பேன். அப்ப நீயும் எலையப் போட்டுட்டு அண்ணன் பக்கத்துலதான உக்காந்திருந்த.”

ராஜக்கனி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.

படி இருந்தது வெள்ளை ஓடு பதித்த ஒரு சின்னக் கட்டடத்தில். அதைப் பார்த்துக்கொள்கிறவள் ருக்கையா. நாற்பது வயது. காயல்பட்டினத்திலிருந்து வந்து பொதுவளத்தில் சேர்ந்தவள். ராஜக்கனி உள்ளே நுழைந்ததும் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். ராஜக்கனி உட்காரவில்லை.

“உன் எந்திரம் பொய் சொல்லுது.”

“அது பொய் சொல்லாது அக்கா. அதுதான் கஷ்டமே.”

“பத்து வாரத்துல சாகப்போறவளுக்கு ஒண்ணும் வேண்டாம்னு சொல்லுதே, அது பொய் இல்லாம?”

“இருபத்திரண்டு வருஷத்துல அவங்க ‘எனக்கு வேணும்’னு சொன்ன இடம் ஒண்ணுகூட இல்ல. தேடிட்டேன். ‘அவியளுக்கு வேணும்’னு உங்க அண்ணனுக்குக் கேட்டது இருக்கு. ‘பிள்ளைக்கு வேணும்’ இருக்கு. அதையெல்லாம் படி அவங்கவங்க பேர்ல சேத்திருக்கு. இவங்க பேர்ல இருக்கிறது ‘போதும்’ மட்டும்தான்.”

“கல்யாண வீட்டுல எலைய மறைச்சுக்கிட்டு எல்லாருந்தான் போதும் போதும்கிறோம். பரிமாறுதவன் கேட்டுட்டுப் போயிருதானா? இன்னொரு கரண்டி போட்டுட்டுத்தான போறான்?”

“பரிமாறுதவன் மனுஷன் அக்கா. சொல்லுக்கு உள்ளர்த்தம் தேடாதன்னு படிக்கு நாமதான் சொல்லிவெச்சோம். தேட விட்டா, அது அந்தக் கம்பெனி டாக்டர் மாதிரி ஆயிரும்னு நீங்களே பேசினீங்க.”

ராஜக்கனி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஒரு வாரமா நான் இதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்,” என்றாள் ருக்கையா. “உங்க மதினி மட்டும் இல்ல. இந்த ஊர்ல ஆம்பள போதும்னு சொல்லுதப்ப வயிறு நிறைஞ்சிருக்கு. பொம்பள போதும்னு சொல்லுதப்ப சட்டி காலியாயிருக்கு. படிக்கு ரெண்டும் ஒரே சொல்லு. போதும்னு கேட்டா அடுத்த மாசம் ஒரு பிடி குறைச்சு அளக்கும். குறைஞ்சு வந்தா சட்டி இன்னும் சீக்கிரம் காலியாகும். அவ இன்னும் சீக்கிரம் போதும்பா.”

“அதுக்குத்தான் பொதுச் சமையல் வைக்கணும்னு சொன்னோம்.”

“வீட்டுச் சாப்பாட்டு ருசி வராதுன்னு தோத்துப்போச்சே.”

“யாரு தோக்கடிச்சான்னு தெரியும்.”

ருக்கையா திரையை அவள் பக்கம் திருப்பினாள். “இன்னொண்ணும் இருக்கு. சொல்லவா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். நம்ம வாசல் பலகையில வருஷா வருஷம் எழுதுறோமே, மிச்சம்.”

பொதுவளத்தின் பெருமையே அந்தப் பலகைதான். எல்லாரும் வேண்டியமட்டும் எடுத்துக்கொண்ட பிறகும் இவ்வளவு அரிசி, இவ்வளவு மருந்து, இவ்வளவு துணி மிச்சம் என்று அதில் எழுதியிருக்கும். மிச்சம் மற்ற ஊர்களுக்குப் போகும். நாலு மாநிலத்திலிருந்து ஆட்கள் வந்து அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஏட்டில் மட்டும் இருந்தது இங்கே நடந்து காட்டிவிட்டது என்று மேடையில் பேசுவார்கள். அவர்கள் பேசும்போது தவசிமணியின் கண் கலங்கும். ராஜக்கனிக்கும் கலங்கியிருக்கிறது.

“இந்தச் சிவப்புக் கோடு வருஷா வருஷம் மிச்சம்,” என்றாள் ருக்கையா. “இந்தக் கறுப்புக் கோடு பொம்பளைங்க பங்குல குறைஞ்சது. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சிருக்கேன்.”

திரையில் ஒரே ஒரு கோடுதான் தெரிந்தது.

“கம்பெனிக்காரன் திருடித்தான் எடுத்தான்,” என்றாள் ராஜக்கனி. “இந்த ஆம்பளையளுக்குத் திருடுத சிரமங்கூட வைக்கல, பொம்பளைங்க நாம.”

“அக்கா.”

“என் பேர்ல எப்படி? நான் கூட்டத்துல போடுத சத்தம் ஊருக்கே தெரியும்.”

ருக்கையா தயங்கினாள். “கூட்டத்துலதான் சத்தம். வீட்ல உங்க குரல்லயும் இதே ‘போதும்’தான்.”

பொதுக்கூட்டம், முன்பு உப்பு மூட்டை அடுக்கி வைத்த பழைய கிட்டங்கியில் நடந்தது. தகரக் கூரை சுட்டது. ஆவுடையப்பனைச் சக்கர நாற்காலியில் வைத்து முன்னால் நிறுத்தியிருந்தார்கள். முகம் வீங்கிக் கண் இடுங்கியிருந்தது. இசக்கியம்மாள் தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். ராஜக்கனி எழுந்து ருக்கையா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். தேன் தடவவில்லை. வாசல் பலகையில் எழுதியிருப்பது பொம்பளைகள் தின்னாத சோறு என்றாள். அதைக் காட்டித்தான் வெளியூர்க்காரனிடம் மாலை வாங்கிக்கொண்டோம் என்றாள். மாலை வாங்கினவர்கள் பேரை வரிசையாகச் சொல்லி, தன் பேரையும் கடைசியில் சேர்த்துக்கொண்டாள்.

“அதனால தோழர்களே, போதும்ங்கிற சொல்ல இனிமே படி கேக்கப்படாது. உடம்பு சொல்லுததக் கேக்கட்டும். இன்னைக்கே, இந்தப் பட்டியல்லேருந்தே.”

கூட்டம் சளசளத்தது. ஆவுடையப்பன் கையை உயர்த்தினார்.

“நான் எதையும் திருடலியே. வலிச்சுது, வலிக்குன்னு சொன்னேன். சொல்லச் சொன்னிய, சொன்னேன். டாக்டர் பத்து வாரம் தாங்கும்பாரு. டாக்டர் சொன்னத நம்பினவன் மகன்தான் நான். எங்க அப்பாவையும் தாங்கும்னுதான் சொன்னாவ, தாங்கல.”

“உங்க மேல கோவம் இல்ல அண்ணாச்சி.”

“பின்ன ஏன் என் மூஞ்சியவே பாத்துக் கத்துத?”

பின்வரிசையில் சிரித்தார்கள். ராஜக்கனிக்கு அந்தச் சிரிப்பு எரிந்தது.

பொன்னுத்தாய் எழுந்தாள். ராஜக்கனியோடு முப்பது வருஷம் ஒரே பாத்தியில் உப்பு வாரினவள். “கனி, ஒண்ணு கேக்கேன். எனக்கு வலிக்குன்னு நான் சொன்னா நம்பணும். அதுக்குத்தான் அன்னைக்கு உன் பின்னால வந்தோம். இன்னைக்கு எங்க வாய நம்பாத, உடம்பப் பாருங்கிற. உடம்ப யாரு பாப்பா? போதும்னு சொன்னதுக்கு வேணும்னு அர்த்தம் பண்ணுதவன், நாளைக்கு வேணும்னு சொன்னதுக்குப் போதும்னு அர்த்தம் பண்ண மாட்டானா?”

“அதுக்காக அவ சாகணுமா?”

“அதுக்கு எனக்குப் பதில் தெரியல. ஆனா நான் கேட்டதுக்கும் நீ பதில் சொல்லல.”

பொன்னுத்தாய் கேட்டது நியாயம் என்பதுதான் ராஜக்கனியின் நெஞ்சை அறுத்தது. அநியாயம் என்றால் கத்தி ஜெயித்துவிடலாம்.

மேடையில் இருந்த தவசிமணி மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். “தோழர் ராஜக்கனி சொன்னது பெரிய விஷயம். பேச வேண்டிய விஷயம். வெட்கப்பட வேண்டிய விஷயம்னே வெச்சுக்கிடுவோம். ஆனா அடிப்படைத் தீர்மானத்த மாத்த மூணு கூட்டம் வேணும். விதி.”

“மூணு கூட்டம்னா மூணு மாசம்.”

“ஆமா.”

“பத்து வாரத்துக்கு எத்தனை மாசம்னு தோழருக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சும்தான். எம் பெண்டாட்டி போறான்னு நான் விதிய ஒருநாள் வளைச்சா, அடுத்து வாரவன் எதுக்கெல்லாம் வளைப்பான்? எனக்கு மட்டும் உள்ள எரியாதுன்னு நெனைக்கியா?” தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டு மறுபடி செயலாளர் ஆனார். “இப்பவும் ஒரு வழி இருக்கு. விதிப்படியே இருக்கு. பட்டியல் மூட இன்னும் நேரம் இருக்கு. சம்பந்தப்பட்டவங்க சொல்லே முடிவு. கூட்டத்தோட முன்னிலையில நான் கேக்கேன். தோழர் இசக்கியம்மாள், இந்தச் சிறுநீரகம் உங்களுக்கு வேணுமா?”

ராஜக்கனி தூணுக்கு ஓடினாள். “சொல்லு மதினி,” என்று காதருகே சொன்னாள். “யாரையும் பாக்காத. என்னைப் பாத்துச் சொல்லு.”

எங்கே பார்க்காமல் இருப்பது? இசக்கியம்மாள் எழுந்து நின்ற இடத்துக்கு நேர் எதிரே ஆவுடையப்பன் இருந்தார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் பெண்டாட்டி நின்றாள். காலையில் கொழுக்கட்டை கொண்டுவந்தவள். இவர்கள் முகத்துக்கு நேரே நின்று எனக்கு வேண்டும் என்று சொன்னால்தான் உனக்கு வேண்டும் என்று நம்புவோம் என்கிறது சட்டம். ராஜக்கனி எழுதின சட்டம். இதையா எழுதினோம் என்று அவளுக்குத் தன் கையையே வெட்டிப் போட வேண்டும் போல் ஆத்திரம் வந்தது.

“தோழர், நேரம் ஆகுது,” என்றார் தவசிமணி. “வேணும், வேண்டாம், எதுன்னாலும் உங்க சொல்லுதான்.”

இசக்கியம்மாள் கழுத்து மணியைக் கையில் எடுத்தாள். கூட்டம் முழுக்க அவள் வாயைப் பார்த்தது. அவள் ஆவுடையப்பனைப் பார்க்கவில்லை, ராஜக்கனியையும் பார்க்கவில்லை. மேடையைப் பார்த்தாள்.

“முப்பத்தெட்டு வருஷமா எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்கீங்க,” என்றாள். குரல் சின்னதுதான். ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. “நீங்க சொல்லுங்க தோழர், எனக்கு என்ன வேணும்?”